பத்துப் புளியங்கொட்டை

ஜூனில் பள்ளி திறக்கும்போது இரண்டு புது ஆசிரியைகள் வருகிறார்கள், அவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடு என்று எங்கள் தலைமையாசிரியை போன வாரம் சொன்னார். ஒரு பக்கம் போதும் என்றும் சொன்னார். ஒரு பக்கத்தில் நிறுத்த எனக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். வேலைக்கு வந்து நான்கே வருஷம் ஆன நான் அறிவுரை சொல்வதும் வேடிக்கைதான். ஆனால் என் முதல் வருஷத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லலாம். அதில் ஏதாவது தேறினால் எடுத்துக்கொள்ளட்டும். தேறாவிட்டால் டிபன் நேரத்தில் படித்துச் சிரிக்கட்டும்.

அப்போது எனக்கு இருபது வயது. இன்டர்மீடியட் முடித்துவிட்டு, சுருக்கெழுத்து வகுப்பில் நான்கு மாதம், ஹிந்தி வகுப்பில் ஆறு மாதம் என்று ஒவ்வொன்றையும் பாதியில் விட்டு, ஆசிரியர் பயிற்சியை மட்டும் எப்படியோ முழுசாக முடித்திருந்தேன். மர்பி டவுனில் ஒரு தமிழ் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. டெம்பரரி. ஆண்டுக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து ரிமார்க் எழுதுவார். அந்த ரிமார்க்கை வைத்துத்தான் வேலை நிலைக்குமா போகுமா என்று தெரியும்.

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் அப்பா இதற்கு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கு விண்ணப்பப் பாரம் வாங்கி, தன் குண்டுக் கையெழுத்தில் பூர்த்தி செய்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் விட்டு, அலமாரியில் ஜெபப் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டார்.

"இன்ஸ்பெக்டர் பர்மனென்ட் பண்ணினா நல்லது. இல்லேன்னா ஏப்ரல்ல இதுல கையெழுத்துப் போடற. இன்னொரு கிளாஸ், இன்னொரு கோர்ஸ்னு கிளம்பக் கூடாது. சரியா?"

"இது நிலைக்கும்பா. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"ஹிந்தியும் பிடிச்சுதான் இருந்தது" என்றார் அம்மா, முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தினமும் காலையில் நடந்தே போவேன். பள்ளி என்பது ஓடு போட்ட ஒரு நீளக் கூடம். நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு மூங்கில் தட்டிகள். தட்டிக்கு அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு, இந்தப் பக்கம் என் மூன்றாம் வகுப்பு. எனக்கு நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். பங்களாவில் சமையல் செய்பவர், முனிசிபாலிட்டியில் வேலை செய்பவர், வண்டி ஓட்டுபவர், மில்லுக்குப் போகிறவர் என்று இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் உருதும், பந்து விளையாடும்போது இங்கிலீஷ். நான்கு பாஷையிலும் சண்டை போடுவார்கள்.

முதல் ஆறு மாதம் நான் பாடம் நடத்திய விதத்தை நினைத்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. ஆற்றைப் பற்றிப் பாடம் என்றால் எருமை எப்படித் தண்ணீரில் இறங்கும் என்று நடந்து காட்டுவேன். கரும்பலகை முழுக்கப் படம். ஒரு பாட்டு. ஒரு கதை. கதைக்குள் இன்னொரு கதை. அதற்குள் மணி அடித்துவிடும். கடைசியில் மூச்சு விட்டு, "புரிஞ்சுதா?" என்பேன். நாற்பத்தெட்டு வாயும் சேர்ந்து "புரிஞ்சுது டீச்சர்" என்று கூரையைத் தூக்கும். கேள்வி கேட்டாலும் அப்படித்தான். தண்ணீர்ப் பாடத்தில் "கிணற்று நீர், குழாய் நீர், எது நல்லது?" என்று ஒரு கேள்வி. "குழாய் நீரே நல்லது. ஏனெனில் அது சுத்தம் செய்யப்பட்டது" என்று ஒரே குரலில், நடுவில் மூச்சு விடும் இடம்கூடப் பிசகாமல் சொல்வார்கள். எனக்கு உடம்பு புல்லரிக்கும். அன்றாடம் எழுத வேண்டிய பாடக்குறிப்பில் கடைசி வரியாக "மாணவர்கள் நன்கு விடையளித்தனர்" என்று எழுதி அடிக்கோடும் போடுவேன்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று முன் பெஞ்சில் ஓர் இடம் காலி. அங்கே உட்காருகிறவள் இரட்டைப் பின்னல் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி. சமையல்காரர் மகள். கணீரென்ற குரல்.

"அவளுக்கு அம்ம போட்டுக்கீது டீச்சர்" என்றான் பக்கத்தில் இருந்தவன். "மூணு தண்ணி ஊத்தினப்புறம்தான் வருவா."

சரி, பாவம் என்று பாடத்தை ஆரம்பித்தேன். தண்ணீர்ப் பாடத்தைத்தான் திருப்பிப் பார்த்தோம். "எது நல்லது?" என்று கேட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. நாற்பத்தேழு பேரும் வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, எதற்கோ காத்திருப்பவர்கள் போல என்னைப் பார்த்தார்கள். திரும்பக் கேட்டேன். யாரோ "கொழா..." என்று தொடங்கி, தனியாக மாட்டிக்கொண்டது தெரிந்து நிறுத்திக்கொண்டான். எனக்குக் கோபம். லீவில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்களா, இல்லை சேர்ந்து ஏதாவது வம்பு செய்கிறார்களா?

கடைசி பெஞ்சில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். மூன்றாம் வகுப்பிலேயே இரண்டாவது வருஷம். மற்ற பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். அவளுக்குத்தான் கரும்பலகைப் பொறுப்பு. வாரம் ஒரு முறை கோவை இலையும் கரியும் சேர்த்து அரைத்துப் பலகையில் தேய்த்துக் கருப்பாக்குவாள். பாடத்தில் எழுந்து பதில் சொன்னதே கிடையாது. அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, எல்லாரும் இன்னிக்கு ஊமை ஆயிட்டீங்களா?"

"அவ வரல இல்ல டீச்சர். அவ எடுத்துக் குடுத்தாதான் எங்களுக்கு வரும்."

"எடுத்துக் குடுத்தாவா?"

"மொதல்ல அவ ஆரம்பிப்பா. அவ வாயப் பாத்து நாங்க சேந்துக்குவோம்."

"நீயும் தினம் சொல்றியே."

"நான் வாய மட்டும் ஆட்டுவேன் டீச்சர். சத்தம் அவங்க போடறாங்க இல்ல."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதமாக நான் நாற்பத்தெட்டுப் பேருக்குப் பாடம் நடத்தவில்லை, ஒரே ஒரு பெண்ணுக்கு நடத்தியிருக்கிறேன். மற்ற நாற்பத்தேழு பேரும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்திருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். ஒரு பையன் கடகடவென்று தடையில்லாமல் வாசித்தான். புத்தகத்தை எட்டிப் பார்த்தால் ஏழாம் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்பதாம் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்னொருத்தியிடம் கடைசி வரியிலிருந்து மேலே வாசி என்றேன். "அப்படிலாம் வராது டீச்சர், மேலேந்துதான் வரும்" என்றாள். பாதிப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. மனப்பாடம் மட்டும் பழுதில்லை. இன்ஸ்பெக்டர் வர ஐந்து வாரம் இருந்தது.

மறுநாள் டிபன் நேரத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். என் வயசுதான், எனக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவள். வேலை நிலைத்தவள். எலுமிச்சை சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் போய் ஏன் பேஜார் பண்ணிக்கறே? அவ வர்ற வரைக்கும் இன்னொருத்தியை லீடராப் போடு. எல்லா கிளாஸுலயும் ஒரு லீடர் உண்டு."

"உன் கிளாஸுலயுமா?"

"என் கிளாஸுல ரெண்டு. ஒண்ணு ஸ்பேர்."

"அப்ப மத்தவங்களுக்கு எப்ப வரும்?"

"அதைக் கேட்க நீ யாரு, இன்ஸ்பெக்டரா? அவரே கேட்கறதில்லை."

அவள் தப்பாகச் சொல்லவில்லை. ஐந்து வாரத்தில் இன்னொரு லீடரைத் தயார் செய்வது சுலபம். எனக்கு மனசு வரவில்லை என்று எழுதினால் பெருமையாக இருக்கும். உண்மை அதைவிடச் சின்னது. இத்தனை நாள் ஏமாந்துவிட்டேன் என்ற ரோஷம்தான். அன்றிலிருந்து கோரஸ் கிடையாது என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். தனித்தனியாகக் கேட்பேன், தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

அதுவும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தட்டிக்கு மேலே நான்காம் வகுப்பு ஆசிரியையின் தலை தெரிந்தது. கால் பெருவிரலில் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா, கோவிச்சுக்க மாட்டியே? நீ கேள்வி கேட்கறே. நான் இங்க ஒரு மூச்சு விடறதுக்குள்ள பதிலையும் நீயே சொல்லிடறே. அந்தப் பிள்ளை எழுந்து நின்னு பாவாடையைச் சரி பண்றதுக்குள்ள பதில் முடிஞ்சு போச்சு."

"நான் அப்படியா பண்றேன்?"

"என் கிளாஸ் பிள்ளைங்க உன் பதிலைக் கேட்டுத்தான் போன வருஷப் பாடத்தைத் திருப்பிப் படிக்குதுங்க."

எனக்குப் பேசாமல் இருக்க வராது. வீட்டில் கேட்டால் சொல்வார்கள். யாராவது ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நான் முடித்துவைப்பேன். ஜெபத்திலேயே முந்துவேன் என்று அம்மா திட்டுவார். இப்படிப்பட்டவள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதென்றால், பானையை அடுப்பில் வைத்துவிட்டு மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான்.

கணக்குப் பாடத்துக்காக ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை வைத்திருந்தேன். அதிலிருந்து பத்துக் கொட்டையை எடுத்து மேசையின் இடது ஓரத்தில் வைத்தேன். கேள்வி கேட்டதும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், வலது ஓரத்துக்குத் தள்ளுவேன். பத்தும் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை என் வாய் திறக்கக் கூடாது.

முதல் நாள் நரகம். மூன்றாவது கொட்டைக்கே நாக்கு நமநமத்தது. நான்காவதில் ஒரு சிறுமி கவலையோடு, "டீச்சர், உடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். பேச முடியாமல் தலையாட்டினேன். "டீச்சருக்கும் அம்ம போடப் போவுது" என்று பின்னால் ஒரு குரல். ஆனாலும் அன்றே ஒன்றைக் கவனித்தேன். ஐந்தாவது கொட்டை வரைக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கை. ஐந்து தாண்டியதும் அந்த நம்பிக்கை போய்விடுகிறது. கண் கூரைக்கோ காலுக்கோ போகிறது. அப்போதுதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள். ஏழு, எட்டில் ஒரு கை மெதுவாக எழும்.

புதிதாக வருபவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். பெயரைக் கேட்டதும் மற்ற நாற்பத்தேழு பேரும் தங்களுக்கு விடுதலை என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் கேள்வி, பிறகு கொட்டை, கடைசியில் பெயர். "புரிஞ்சுதா?" என்று ஆயுசுக்கும் கேட்காதீர்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பாதி நாள் அது உங்கள் வாயிலிருந்துதான் வந்திருக்கும்.

வாசிப்புக்கு வேறு வழி பார்த்தேன். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பாடத்தின் வாக்கியங்களைப் பெரிதாக எழுதி, வார்த்தை வார்த்தையாக நறுக்கி, கலைத்துக் கொடுத்தேன். கலைந்து கிடக்கும் வார்த்தையை மனப்பாடத்தால் சேர்க்க முடியாது. தினமும் ஐந்து பேரை ஜன்னலோரம் உட்காரவைத்து நான் கேட்பேன், மற்றவர்கள் சிலேட்டில் எழுதுவார்கள். காலண்டர் போதாமல் வீட்டில் நடப்பு வருஷக் காலண்டரிலேயே முடிந்த மாதத்தைக் கிழித்தேன். "ஜனவரி எங்கே?" என்று அப்பா தேடியபோது எனக்குப் பேசாமல் இருக்க வந்துவிட்டது.

நெட்டைப் பெண் தினமும் தாமதம். முதல் மணி அடித்த பிறகு, எண்ணெய் வைத்த தலையும் ஈரப் பாவாடையுமாக ஓடி வருவாள். முன்பெல்லாம் வாசலிலேயே நிறுத்தித் திட்டியிருக்கிறேன். ஒருநாள் ஜன்னலோரம் அவள் முறை வந்தபோது கேட்டேன்.

"தினம் ஏம்மா லேட்டு?"

"கொழாயாண்ட கூட்டம் டீச்சர். எங்க வூட்டுக்கு ஆறு கொடம். இன்னும் ரெண்டு வூட்டுக்கும் நான்தான் புடிச்சுத் தரணும்."

"இத்தனை நாள் சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கலயே டீச்சர். திட்டத்தானே செஞ்சீங்க."

வார்த்தைச் சீட்டுகளை அவள் முன்னால் பரப்பினேன். ஒவ்வொன்றையும் எடுத்து, கோவை இலை பட்டுப் பச்சையான விரலால் தடவி, வரிசையாக வைத்தாள். நேரம் ஆகும். ஆனால் வைத்தது தப்பாக இருக்காது.

இன்ஸ்பெக்டர் வர இரண்டு நாள் இருக்கும்போது தலைமையாசிரியை என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்போம். நல்லவர், என்னிடம் பிரியம் உள்ளவர். நான் கொட்டையைத் தள்ளிக்கொண்டு மௌனமாக நிற்பதை மூன்று கேள்விக்குப் பார்த்தார். வெளியே அழைத்துப் போனார்.

"என்னம்மா இது, கிளாஸ் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. போன தடவை நான் வந்தப்ப எவ்வளவு கணீர்னு சொல்லிச்சுங்க."

"இப்ப தனித்தனியாச் சொல்றாங்க டீச்சர். கொஞ்சம் நேரம் ஆகுது."

"இன்ஸ்பெக்டருக்கு ஏது நேரம்? அன்னிக்கு இன்னும் ரெண்டு ஸ்கூல் பார்க்கணும் அவர். நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். ஒரு கோரஸாவது வை. அந்த நெட்டைப் பெண்ணைத் தூணுக்குப் பின்னால உட்கார வை. வேலை நிலைச்சப்புறம் நீ எப்படி வேணா நடத்து, நான் கேட்க மாட்டேன்."

மறுநாள் காலை முன் பெஞ்சில் சிவப்பு ரிப்பன். முகத்தில் தழும்பு இன்னும் மறையவில்லை, கொஞ்சம் இளைத்திருந்தாள், குரல் மட்டும் அப்படியே இருந்தது. வகுப்பே அவளைச் சுற்றிக்கொண்டது. நான் உள்ளே வந்ததும் அவளே எழுந்தாள்.

"டீச்சர், நாளைக்கு இன்ஸ்பெக்டராமே. நான் ஆரம்பிக்கட்டா?"

எனக்கு அலமாரியும் ஜெபப் புத்தகமும் நினைவுக்கு வந்தன. ஏதாவது சொல்ல வாயெடுத்து, வேறு வழி தெரியாமல், "நான் உன்னைப் பார்த்துத் தலையாட்டினா ஆரம்பி. இல்லேன்னா வேண்டாம்" என்றேன். கோழைத்தனமான பதில்தான். முடிவை மறுநாளைக்குத் தள்ளிவைத்தேன். நெட்டைப் பெண்ணைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைக்கவும் இல்லை, வேண்டாம் என்று பெரிய டீச்சரிடம் சொல்லவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் அவசரம் வந்தால் கன்னடம் நுழைந்துவிடும். வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போதே, "ஆய்த்தா? ரெடியா?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். பின்னாலேயே ஒரு பியூன், ரிமார்க் புத்தகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு. பெரிய டீச்சர் ஓரத்தில் நின்றார். கரும்பலகை அன்று நிலக்கரி மாதிரி மின்னியது. நெட்டைப் பெண் விடியற்காலையிலேயே வந்து தேய்த்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் அவள் தாமதமில்லை.

முதலில் வாசிப்பு. கண்ட பக்கத்தைப் புரட்டி, கண்ட பிள்ளையை எழுப்பினார். திக்கித் திக்கி வாசித்தார்கள், ஆனால் புத்தகத்தில் இருந்ததை வாசித்தார்கள். "பரவாயில்லை" என்றார். பிறகு தண்ணீர்ப் பாடம்.

"கிணற்று நீர், குழாய் நீர். எது நல்லது? ஏன்?"

எல்லோரையும் பார்த்துக் கேட்டுவிட்டுச் சட்டென்று கடைசி பெஞ்சைக் காட்டினார். "நீ சொல்லு. உயரமா இருக்கியே, நீ."

நெட்டைப் பெண் எழுந்தாள். நான் கையைப் பின்னால் மேசையில் வைத்துக்கொண்டு தடவினேன். ஒரு கொட்டை. இரண்டு. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று, நான்கு. பெரிய டீச்சர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஐந்து. முன் பெஞ்சில் இரட்டைப் பின்னல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ரிப்பன்கூட ஆடவில்லை. நான் ஒரு முறை தலையை அசைத்தால் போதும், குழாய் நீரே நல்லது என்று கூரை அதிரும், இன்ஸ்பெக்டர் சந்தோஷமாகப் போய்விடுவார், பாரம் அலமாரியிலேயே மக்கிப் போகும். ஆறு. ஏழு.

"ஆய்த்து, உட்காரு. வேற யாராவது..." என்றார் அவர்.

"சார், கொஞ்சம் இருங்க சார்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. "அவ சொல்லுவா."

எட்டு. ஒன்பது. பத்து முடிந்துவிட்டது. கை தானாக முதல் கொட்டையைத் திருப்பி இழுத்தது. இரட்டைப் பின்னல் என் முகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பி, எல்லோரையும் போல நெட்டைப் பெண்ணைப் பார்த்தாள்.

"கொழாத் தண்ணி நல்லது சார்" என்றாள் நெட்டைப் பெண். "ஆனா காலைல மொதக் கொடம் செவப்பா வரும். அதக் குடிக்கக் கூடாது, பாத்திரம் தேய்க்க வெச்சுக்கணும். ரெண்டாங் கொடத்துலேந்துதான் நல்லது."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் பார்த்தார். அதில் முதல் குடமும் இல்லை, இரண்டாம் குடமும் இல்லை.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"யாரும் சொல்லல சார். நான்தானே புடிக்கறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செவப்பா எதுக்கு வருது?" என்று அவசரமில்லாமல் கேட்டார். அது பாடத்துக்கான கேள்வியா, அவருக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததா, தெரியவில்லை. குழாய் துரு என்று முன் பெஞ்சில் ஒருவன் சொன்னான். ராத்திரி தண்ணி தூங்கும் சார், அதான் என்றது இன்னொரு குரல். கிணறு எங்கே இருக்கிறது என்று பேச்சு போயிற்று. நான் ஒன்றும் பேசவில்லை. பேசத் தேவை இருக்கவில்லை. பிறகு திடீரென்று நினைவு வந்தவர்போல "ஆய்த்து, ஆய்த்து" என்று பியூனிடம் புத்தகத்தை வாங்கி எழுதிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டீச்சர் அந்த ரிமார்க்கை என்னை நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான்கு வரி. "வாசிப்பு திருப்தி. விடைகள் பாடநூலை ஒட்டி இல்லை, எனினும் பிள்ளைகள் யோசிக்கின்றனர். ஆசிரியை வகுப்பில் போதிய அளவு பேசுவதில்லை. இக்குறையைத் திருத்திக்கொள்ள இன்னும் ஓராண்டு தற்காலிகமாகவே நீடிக்கலாம்."

நிலைக்கவில்லை. போகவும் இல்லை. காக்ஸ் டவுன் வரைக்கும் அந்தத் தாளை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று எட்டு விதமாக வாக்கியம் தயார் செய்து, வீட்டுக்குள் நுழைந்ததும் எட்டும் மறந்துபோய்த் தாளை நீட்டினேன். அப்பா நின்றபடியே சத்தமாக வாசித்தார். மூன்றாவது வரியில் நிறுத்தினார். மறுபடி வாசித்தார்.

"யாரு? இவளா?" என்றார்.

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். "என்ன எழுதியிருக்கு?"

"போதிய அளவு பேசுவதில்லையாம்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அந்த மனுஷனை ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்க. பாவம், ஆளைத் தெரியாம எழுதிட்டார்."

அப்பா சிரிக்கவில்லை. "எப்படி முடிஞ்சுது உன்னாலே?" என்று கேட்டார். கேலி இல்லை. கொட்டைக் கதையை முதலிலிருந்து சொன்னேன். வழியில் இரண்டு மூன்று கிளைக் கதையும் சேர்ந்துகொண்டது. சாப்பாடு ஆறிவிட்டது. முடிந்ததும் அவர் அலமாரியைத் திறந்து, அந்தப் பாரத்தை எடுத்து, எழுதாத பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கெட்டித் தாள்" என்றார். "சீட்டு நறுக்க ஆகுமா? காலண்டரை விட்டுடு."

அடுத்த திங்கட்கிழமை நெட்டைப் பெண் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். அவள் எதிரில் அந்தக் கெட்டித் தாள் சீட்டுகள். நான் கேட்கவேயில்லை, அவளாகவே பேச்செடுத்தாள்.

"டீச்சர், அன்னிக்கு நீங்க பதினாலு தள்ளினீங்க."

"எதை?"

"கொட்டைய. இன்ஸ்பெட்டர் வந்தப்ப. பத்து முடிஞ்சதும் திருப்பி நாலு தள்ளினீங்க. நான் நின்னுக்கினு இருந்தேன் இல்ல, எனக்கு மேசை தெரிஞ்சுது."

"சரி. நீ பதிலை யோசிச்சியா, கொட்டையை எண்ணினியா?"

"பதில் ஏழுலயே வந்துடுச்சு டீச்சர்" என்றாள் ஒரு சீட்டைச் சரியான இடத்தில் வைத்தபடி. "நீங்க ‘இருங்க சார்’னு சொன்னீங்க. சரி, பத்து வரைக்கும் டைம் இருக்குன்னு நின்னேன். அப்புறம் திருப்பித் தள்ள ஆரம்பிச்சீங்க. எத்தினி வரைக்கும் போவுதுன்னு பாத்துக்கினு இருந்தேன்."

ஆகையால் புதிதாக வரும் சகோதரிகளே, கொட்டையை மேசைமேல் வைக்காதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.